பழைய சாவியைத் தூக்கி எறியாதே தோழா!



ஆண்டு மலர் என்றாலே நட்பு, பிரிவு, அம்மா, நிலா என்று கவிதைகள் வரிசை கட்டி நிற்கும். கவிதை எழுதுகிற கை எனக்கு இல்லீங்க. அதனால் நாம் தினமும் தொடுகிற, ஆனால் உட்கார்ந்து யாரும் பேசாத ஒரு விஷயத்தில் என் கருத்தைச் சொல்ல வருகிறேன். அதுதான் பாஸ்வேர்டு!

"இதுல கருத்து சொல்ல என்னடா இருக்கு? மறந்து போச்சுன்னா மாத்திக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்த "மாத்திக்க வேண்டியதுதானே"யில்தான் சிக்கலே இருக்கிறது. மாற்றுவது யார்? நாமா? இன்னொருத்தரா? இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்து, நாம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த அத்தனை சாவிகளும் நம் கையில் இருக்கும். இல்லாவிட்டால் நம் கண் முன்னாலேயே பூட்டிக்கொண்டு உள்ளே கிடக்கும். எப்படி என்று பார்ப்போமா?

திரையில் வரும் சின்னப் பெட்டி

சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற உலகப் புகழ் பெற்ற லினக்ஸின் மேல் கட்டியது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. நம்ம பக்கம் ராசிபுரம், பள்ளிபாளையம், எடப்பாடி, ஆத்தூர் என்று எங்கே போனாலும் அந்த லேப்டாப்பைப் பார்த்திருப்பீர்கள். அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று அது கை மாறி ஓடிக்கொண்டிருக்கும். நம்மில் பலர் லினக்ஸைக் கண்ணால் பார்த்ததே அதில்தான்.

பாஸ் ஆகட்டும், உபுண்டு ஆகட்டும், லாகின் பாஸ்வேர்டை வேறு யாராவது மாற்றிக் கொடுத்த பிறகு உள்ளே நுழைந்தால் சில சமயம் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வருகிற அந்தச் செய்தியின் சாரம் இதுதான்: "நீ உள்ளே வரப் போட்ட பாஸ்வேர்டும், உன் கீரிங்கின் பாஸ்வேர்டும் இப்போது ஒத்துப்போகவில்லை."

இந்தப் பெட்டி வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? "கேன்சல்" அழுத்துகிறோம். மறுபடி வருகிறது. மறுபடி கேன்சல். நாலாவது தடவை கடுப்பாகி, "டேய், யாராவது இதை நிறுத்துங்கடா" என்று கத்துகிறோம். உடனே ஒரு புண்ணியவான் வந்து எதையோ டெலீட் பண்ணிவிட்டுப் போகிறான். பெட்டி நின்றுவிடுகிறது. அதோடு என்னென்ன போனது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது!

ஹாஸ்டல் ரூமும் டிரங்குப் பெட்டியும்

கீரிங் என்றால் சாவிக்கொத்து. கம்ப்யூட்டருக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பதை ஹாஸ்டல் கணக்கில் சொல்கிறேன்.

உங்கள் ரூமுக்கு ஒரு பூட்டு. ரூமுக்குள் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்கும் ஒரு பூட்டு. அந்தப் பெட்டிக்குள் வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, ஊரில் இருக்கும் பீரோ சாவி எல்லாம் கிடக்கின்றன. இரண்டு பூட்டுக்கு இரண்டு சாவி தூக்கிக்கொண்டு அலையாமல், ரூம் சாவியே டிரங்குப் பெட்டிக்கும் சேரும்படி செய்து வைத்திருக்கிறீர்கள். ஒரே சாவி, இரண்டு பூட்டு. சௌகரியம்தானே!

இதில் ரூம் பூட்டுதான் லாகின் பாஸ்வேர்டு. டிரங்குப் பெட்டிதான் கீரிங். பெட்டிக்குள் கிடக்கும் சாவிகள்தான் நாம் "சேமித்து வை" என்று சொல்லிவிட்டு மறந்துபோன பாஸ்வேர்டுகள். மெயில் பாஸ்வேர்டு அதில் இருக்கும். நமக்கு மட்டும் என்று போட்டு வைத்த வைஃபை பாஸ்வேர்டு இருக்கும். குரோம் பிரவுசர், தான் சேமிக்கிற பாஸ்வேர்டுகளைப் பூட்டுகிற சாவியைக்கூட இந்தப் பெட்டிக்குள்தான் வைக்கிறது. (ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பெட்டி வைத்திருக்கிறது, அது வேறு கதை.)

சரி, ஒரு தடவை பாஸ்வேர்டு அடித்தால் இரண்டு பூட்டும் எப்படித் திறக்கிறது? நடுவில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். அவர் பெயர் பாம். 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் முன்வைத்த ஏற்பாடு இது. அடுத்து லினக்ஸுக்கும் வந்தது. வாசலில் நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்டை வாங்கிச் சரிபார்ப்பது இவர்தான். சரியாக இருந்தால் ரூமைத் திறந்துவிட்டு, அதே பாஸ்வேர்டை உள்ளே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியையும் திறந்து வைத்துவிடுவார். நமக்கு இரண்டாவது பூட்டு இருப்பதே தெரியாது. தெரியாமல் இருக்கும்வரை சந்தோஷம்தான்!

"பழைய பாஸ்வேர்டு என்ன?"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டை மாற்றுவதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, நாமே மாற்றுவது. செட்டிங்ஸில் போய் மாற்றினாலும் சரி, டெர்மினலில் கட்டளை கொடுத்து மாற்றினாலும் சரி, கம்ப்யூட்டர் முதலில் ஒரு கேள்வி கேட்கும். "பழைய பாஸ்வேர்டு என்ன?" அட, நான்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேனே, எதற்கு மறுபடி கேட்கிறது என்று சலித்துக்கொள்கிறோம். அந்தக் கேள்வியில்தான் சூட்சுமமே இருக்கிறது. பழையது கையில் கிடைத்ததும் வாட்ச்மேன் அதை வைத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, புதிய பாஸ்வேர்டால் திரும்பப் பூட்டிவிடுவார். ரூம் பூட்டும் பெட்டிப் பூட்டும் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

இரண்டாவது வகை, அட்மின் மாற்றுவது. லேப் அசிஸ்டென்ட் ஆகலாம், சர்வீஸ் கடைக்காரர் ஆகலாம், சீனியர் அண்ணன் ஆகலாம். அட்மின் அதிகாரத்தோடு மாற்றும்போது பழைய பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை. புதியதை அடி, முடிந்தது. வார்டன் வந்து ரூம் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட்ட மாதிரி! நாம் புதுச் சாவியோடு ரூமுக்குள் போய்விடலாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டி இன்னமும் பழைய சாவியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அட்மினுக்குத்தான் எல்லா அதிகாரமும் இருக்கே, பெட்டிப் பூட்டையும் சேர்த்து மாத்த வேண்டியதுதானே?" என்று ஒரு கேள்வி வரும். வரவேண்டும்! நாம் டிப்ளமோ மாணவர்கள், கேள்வி கேட்டால்தான் அழகு. பதில் இதுதான்: பழைய பாஸ்வேர்டு என்னவென்று அட்மினுக்கும் தெரியாது, அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது.

சேலம், நாமக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மரவள்ளிக் கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி ஆக்கின பிறகு, அந்த ஜவ்வரிசியிலிருந்து கிழங்கைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. லாகின் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டர் கிழங்காக வைத்துக்கொள்வதில்லை, அரைத்துத்தான் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை நீங்கள் அடிப்பதையும் அதே மாதிரி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவ்வளவுதான். கீரிங்கோ உங்கள் பழைய பாஸ்வேர்டிலிருந்து செய்த சாவியால் பூட்டப்பட்டது. அந்தப் பாஸ்வேர்டு உலகத்தில் இருக்கிற ஒரே இடம் உங்கள் மண்டைதான்!

ஆகவே திரையில் வருகிற அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து யாரும் எரிச்சல்பட வேண்டாம் என்பது என் கட்சி. யார் வேண்டுமானாலும் லாகினை மாற்றி, கீரிங்கையும் சேர்த்துத் திறந்துவிட முடியும் என்றால் அது பூட்டே கிடையாதே! லேப்டாப்பைத் திருடிப்போகிறவனும் அட்மின் ஆகலாம். அதற்கு வழி இருக்கிறது. அப்படி ஆகி உள்ளே வந்தாலும் டிரங்குப் பெட்டி அவனுக்குத் திறக்காது. அட்மின் வேறு, சொந்தக்காரன் வேறு என்று அந்த மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நண்பர்கள், இரண்டு முடிவு

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டு பேரும் இந்த மலரைப் படிப்பார்கள்!

முதல் நண்பன் லேப்டாப் கீபோர்டு போய்விட்டது என்று ஒரு கடையில் கொடுத்தான். வேலை பார்க்க உள்ளே போகவேண்டும் என்று அவர்களே பாஸ்வேர்டை மாற்றி, ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். வந்து திறந்தான், சின்னப் பெட்டி வந்தது. நல்ல வேளையாக அவனுக்குப் பழைய பாஸ்வேர்டு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை அந்தப் பெட்டியில் அடித்தான், திறந்துவிட்டது. அப்புறம் "பாஸ்வேர்ட்ஸ் அண்டு கீஸ்" என்று ஒரு நிரல் இருக்கிறது, சீஹார்ஸ் என்றும் சொல்வார்கள். அதைத் திறந்து, இடது பக்கம் "லாகின்" என்ற பெயரில் இருக்கும் கீரிங்கின் மேல் வலது கிளிக் செய்து, "சேஞ்ச் பாஸ்வேர்டு" கொடுத்து, முதலில் பழையதையும் அடுத்து புது லாகின் பாஸ்வேர்டையும் அடித்தான். முடிந்தது. இரண்டு பூட்டுக்கும் மறுபடி ஒரே சாவி. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது நண்பனுக்கும் அதே கதைதான். பழைய பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், "அதான் மாத்தியாச்சே, அது எதுக்கு?" என்றான். யாரோ சொன்னார்கள் என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் போய் லாகின் கீரிங் ஃபைலையே அழித்துவிட்டான். அடுத்த தடவை உள்ளே போனபோது புதுசாக ஒரு கீரிங், காலியாக, தானாக உண்டாயிற்று. பெட்டி வரவில்லை. பையன் குஷி! குரோமில் சேமித்திருந்த எந்தப் பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பூட்டின சாவி போய்விட்டதே!

சரி, மெயில் பாஸ்வேர்டை வேறு வழியில் மீட்கலாம் என்றால், அந்த மெயிலோடு இணைத்த போன் நம்பர் அவன் அம்மாவின் பழைய சிம். ரீசார்ஜ் போடாமல் எப்போதோ போய்விட்ட நம்பர். அந்த மெயிலுக்குத்தான் ஒரு கம்பெனியின் அப்ரண்டிஸ் தேர்வுக்கான அழைப்பு வரவேண்டும் என்று காத்திருந்தான். வந்ததோ இல்லையோ, இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

ஒருத்தனுக்கு டீ நேரம். இன்னொருத்தனுக்கு ஒரு வருஷம். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்ததும் இல்லாததும்தான்.

விண்டோஸிலும் இதே கதைதான்

"நான் லினக்ஸே தொடமாட்டேன், எனக்குக் கவலையில்லை" என்று யாராவது மார்தட்டினால், கொஞ்சம் நில்லுங்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே விண்டோஸிலும் இப்படி ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய லோக்கல் அக்கவுண்டின் பாஸ்வேர்டை இன்னொரு அட்மின் மாற்றினால், சேமித்த பாஸ்வேர்டுகளும் விண்டோஸ் வழியாகப் பூட்டி வைத்த ஃபைல்களும் கைவிட்டுப் போகலாம். அப்படி மாற்றப் போகும்போது விண்டோஸே ஓர் எச்சரிக்கை காட்டும். நாம் எதைத்தான் படித்தோம், இதைப் படிக்க? ஓகே, ஓகே, ஓகே! ஆப்பிள் மேக்கில் இதன் பெயர் கீசெயின். அங்கேயும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய கீசெயின் பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

அமெரிக்காவில் செய்தாலும் சென்னையில் செய்தாலும், காசு கொடுத்து வாங்கினாலும் இலவசமாகக் கிடைத்தாலும், எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பழைய சாவி இல்லாமல் பெட்டி திறக்கக்கூடாது!

"பாஸ்வேர்டே இல்லாம வெச்சுட்டா?"

ஹாஸ்டலில் இப்போது ஒரு குறுக்குவழி பரவியிருக்கிறது. கீரிங் பாஸ்வேர்டை மாற்றும்போது, புதுசு என்ற இடத்தில் ஒன்றும் அடிக்காமல் காலியாக விட்டுவிடுவது. "தொந்தரவே இல்லடா மாப்ள" என்கிறார்கள். தொந்தரவு இல்லைதான். டிரங்குப் பெட்டியில் பூட்டே போடாமல் விட்டால் சாவி தேடும் தொந்தரவு ஏது? காலியாக விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டாமல் அப்படியே ஃபைலில் கிடக்கும். அந்த ஃபைலைக் காப்பி எடுக்கிறவன் எல்லாவற்றையும் படிக்கலாம். கம்ப்யூட்டர் உங்களுக்கு அதையும் எச்சரித்துத்தான் செய்கிறது.

இந்தக் குறுக்குவழிக்கு முக்கியக் காரணம் ஆட்டோ லாகின். ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போகிற ஏற்பாடு. வாசலில் சாவியே கொடுக்கவில்லை என்றால், வாட்ச்மேன் எந்தச் சாவியைக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியைத் திறப்பார்? அதனால்தான் ஆட்டோ லாகின் போட்டவர்களுக்குத் தினமும் அந்தச் சின்னப் பெட்டி வருகிறது. விரல் ரேகை வைத்து உள்ளே போகிறவர்களுக்கும் இப்படித்தான். ரேகை காட்டினால் கதவு திறக்கும், பாஸ்வேர்டு உள்ளே போகாது. இதற்கு மருந்து ஆட்டோ லாகினை எடுத்துவிடுவதுதான். பூட்டை எடுத்துவிடுவது மருந்தாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே சாவி இரண்டு பூட்டையும் திறக்கிறது என்றால் அந்தச் சாவி நல்ல சாவியாக இருக்க வேண்டாமா? யூனிக்ஸ் வளர்ந்த பெல் லேபில் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் என்ற இருவர் 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் உண்மையில் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அதில் 2,831, அதாவது நூற்றுக்கு 86, சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை! ஒரே ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, அகராதியில் இருக்கிற சொல் என்றெல்லாம் வைத்திருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நம் லேபில் இன்றைக்கும் யூசர் பெயர் "ஸ்டூடண்ட்", பாஸ்வேர்டும் "ஸ்டூடண்ட்". நாம் எங்கே முன்னேறினோம்?

கைநாட்டு இன்னும் போகவில்லை

தோழர்களே, இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இதை எழுதத் தோன்றிய காரணத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் கடன் வாங்கினாலும், நிலம் கைமாறினாலும், யாரோ எழுதின பத்திரத்தில் யாரோ காட்டின இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு வருவார்களாம். "படிச்சவங்க சொன்னாங்க சாமி, வெச்சேன்" என்பார் தாத்தா. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

நாம் படித்துவிட்டோம். கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் நாம் செய்வது என்ன? 2022-ல் புதுமைப் பெண் திட்டம், 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று மாதம் 1,000 ரூபாய் நம் வங்கிக் கணக்குக்கே வரும்படி அரசு ஏற்பாடு செய்தபோது, நம்மில் எத்தனை பேர் தாமே பதிவுகளைப் பார்த்தோம்? நெட் சென்டரில் போய், "அண்ணா, நீங்களே போட்டுடுங்க" என்று ஆதார் நம்பர், மெயில், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். பாஸ்வேர்டு என்ன வைத்தார் என்று கேட்டால், "அந்தண்ணனுக்குத் தெரியும்டா" என்று பதில்!

அந்த அண்ணன்மார் பெரும்பாலும் நல்லவர்கள்தான். நமக்கு உதவி செய்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகள் நாம். அப்பா, அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன், அக்கா இதற்கு முன் படித்ததில்லை. அதனால் கம்ப்யூட்டர் தெரிந்த யாரைப் பார்த்தாலும் மரியாதையோடு எல்லாச் சாவியையும் எடுத்து நீட்டிவிடுகிறோம். மறுக்கக் கூச்சம், கேட்கக் கூச்சம். தாத்தா வைத்த கைநாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது, வைத்தார். எழுத்து தெரிந்த நாமும் வைத்தால் எப்படி?

கீரிங் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். எவ்வளவு பெரிய அதிகாரம் உள்ளவர் வந்தாலும், "பழைய பாஸ்வேர்டு தெரியுமா?" என்று அது கேட்கிறது. தெரியாவிட்டால் திறக்காது. ஒரு நிரலுக்கு இருக்கிற இந்த ரோஷம் நமக்கு வேண்டாமா?

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கட்டுரை ஆகாது. என் யோசனைகளையும் வைக்கிறேன்.

ஒன்று, முதலாம் ஆண்டில் முதல் லேப் வகுப்பிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றுவது எப்படி, கீரிங் என்றால் என்ன என்று தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சி புரோகிராம் அடுத்த வாரம் ஓடினால் குடி முழுகிப் போகாது. நம் மாணவர் பேரவையே மூன்றாம் ஆண்டு மாணவர்களை வைத்து இதை நடத்தலாம். நான் வரத் தயார்.

இரண்டு, லேபில் ஆளுக்கொரு லாகின் வேண்டும். மறந்தால் லேப் அசிஸ்டென்ட் சார் தற்காலிகப் பாஸ்வேர்டு கொடுக்கட்டும். ஆனால் அந்த மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கீரிங்கையும் சரிசெய்து, உடனே புதுப் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று, லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், அதில் இன்னொரு யூசர் அக்கவுண்ட் உண்டாக்கி அதன் பாஸ்வேர்டைக் கடைக்காரருக்குக் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் அதை அழித்துவிடுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் திண்ணையில் பாய் போட்டுக் கொடுக்கிறோம், பீரோ சாவியையா கொடுக்கிறோம்?

நான்கு, பாஸ்வேர்டை மாற்றின பிறகும் பழையதை உடனே மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை வெளியே போய்த் திரும்ப லாகின் செய்து பாருங்கள். சின்னப் பெட்டி வராமல் எல்லாம் திறந்தால் இரண்டு பூட்டும் ஒத்துப்போய்விட்டன. வந்தால் பழையதை அடித்துத் திறந்து, சீஹார்ஸில் போய் ஒத்துப்போகச் செய்யுங்கள். அப்புறம் மறந்தால் போதும். முக்கியமான பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ரேஷன் கார்டோடு வைப்பதும் தப்பில்லை. லேப்டாப் மேலேயே ஒட்டி வைப்பதுதான் தப்பு.

ஐந்து, மாதா மாதம் மாற்றவேண்டும் என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. வேறு யாருக்காவது தெரிந்துவிட்டது என்றால் உடனே மாற்றுங்கள். நீங்களே மாற்றுங்கள்!

ஆறு, மெயிலோடு இணைத்திருக்கும் போன் நம்பர் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். டிரங்குப் பெட்டியே போனாலும் அதுதான் கடைசி வழி.

இந்த நிரல்களைச் செய்கிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. "ஒத்துப்போகவில்லை" என்று சொன்னால் போதுமா? "உன் பாஸ்வேர்டை வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள், பழையது ஞாபகம் இருந்தால் இங்கே அடி, நான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன்" என்று நாலு வரி நல்ல தமிழில் சொன்னால் என் இரண்டாவது நண்பன் அந்த ஃபைலை அழித்திருப்பானா? ஆனால் ஒன்று, லினக்ஸ் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அதன் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்க்கிற வேலையில் யாரும் சேரலாம். அந்த நாலு வரியை எழுதப்போவது நம் பாலிடெக்னிக் மாணவராக ஏன் இருக்கக்கூடாது?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் வட இந்தியா வரைக்கும் ஓடுகிற வண்டியை நம்பிக்கையோடு அனுப்புகிறார்கள். சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. செய்கிற கைக்குத் தொழில் முழுசாகத் தெரியும் என்பதால்தான் அந்த நம்பிக்கை. கம்ப்யூட்டர் நம் தொழிலாகப் போகிறது. அதன் முதல் பூட்டையும் சாவியையும் தெரிந்துகொள்ளாமல் டிப்ளமோ சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிப் பிரேம் போட்டு என்ன பயன்?

தெரியாததைக் கேட்போம். கேட்டதைப் பழகுவோம். பழகியதை அடுத்த வருஷம் வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நம் சாவி நம் கையிலேயே இருக்கட்டும்!



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறியியல் பட்டயப் படிப்பு